கிரிக்கோக் கிண்ணமும் சாக்கே மதுவும்

ஒரே புட்டியிலிருந்து எடுத்த சாக்கே மதுவை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்திலும், ஒரு சாதாரணக் கண்ணாடிக் குவளையிலும், நீல வர்ணத்தின் ஊடே நுண்ணிய கோலங்கள் வெட்டப்பெற்ற டோக்கியோக் கிண்ணம் ஒன்றிலும் ஊற்றி, ஒரு ரசாயன நிபுணரிடம் கொடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால், மூன்றிலும் இருப்பது அணுவளவும் வேறுபாடில்லாத ஒரே திரவம் என்றுதான் அவர் முடிவு கூறுவார். அதே மூன்று பாத்திரங்களையும் ஒரு விருந்து மேஜையில் வைத்து, சாக்கே பருகிப் பழகிய ஜப்பானியர்களிடம் அபிப்பிராயம் கேட்டால், மூன்றுக்கும் மூன்று விதமான ருசியை அவர்கள் வருணிப்பதோடு, வெட்டுக் கண்ணாடியில் பருகிய மது மற்ற இரண்டையும்விடத் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது என்று சொல்வதும் உண்டு. இரு சாராருமே உண்மைதான் சொல்லுகிறார்கள். கண்ணும் கையும் உதடும் நாசியும் தத்தம் செய்திகளைக் கொண்டுவந்து சேர்க்க, மூளை அவற்றையெல்லாம் ஒருங்கே பின்னி இயற்றும் அநுபவத்தையே நாம் ருசி என்கிறோம். ஆதலால் மதுவைத் தொட்டு மாற்றாத பாத்திரம், அதைப் பருகுகிறவரைப் பல வழிகளில் மாற்றிவிட முடியும். அந்த வழிகள் யாவை, அவற்றில் எவை மெய், எவை வெறும் நம்பிக்கை என்பதை எடோ கிரிக்கோ என்று பெயர் பெற்ற வெட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து ஆராய்ந்து பார்ப்பது சுவையான காரியம்.

முதலில் அந்த மதுவின் ஸ்வபாவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாக்கே, அரிசியையும் நீரையும் கொண்டு நொதிக்க வைத்து எடுக்கப்படுவது. வேகவைத்த அரிசியின் மேல் கோஜி என்னும் ஒருவகைப் பூஞ்சையை வளர விடுகிறார்கள். அது அரிசியின் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டிருக்கும்போதே, அதே தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. இரண்டு மாறுதல்களும் ஏககாலத்தில் நடைபெறுவதால் நொதித்த மதுவின் வலிமை நூற்றுக்கு 20 வரையிலும்கூட ஏறும். பிறகு நீர் சேர்த்துப் பெரும்பாலும் 15, 16 என்ற அளவுக்குக் கொண்டுவருவார்கள். அரிசியின் வெளிப்புறத்தில் உள்ள கொழுப்பும் புரதமும் மதுவுக்குக் கனத்தைத் தருவதால், உயர்ந்த ரகங்களுக்கு அரிசியை மிகுதியாகத் தீட்டுகிறார்கள். கின்ஜோ என்ற ரகத்தில் அரிசியில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் மிஞ்சக் கூடாது. டாய்கின்ஜோ என்ற ரகத்தில் 50 பங்குக்கு மேல் மிஞ்சக் கூடாது, அதாவது ஒவ்வொரு மணியிலும் பாதியேனும் தவிடாகவும் மாவாகவும் போய்விட வேண்டும். இவ்வளவு சிரமத்துக்குப் பிறகு கிடைக்கும் திரவத்தில் ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் நினைவூட்டும் மெல்லிய பரிமளம் இருக்கும்; புளிப்பு குறைவு; துவர்ப்பு இல்லையென்றே சொல்லலாம்; பெரும்பாலான ரகங்களில் நுரையும் இல்லை. கோஜியைக் கொண்டு மது வடிக்கும் இந்தப் பாரம்பரிய வித்தையை 2024 ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நாம் இங்கே கவனிக்க வேண்டியது, சாக்கே ஓர் அமைதியான பானம் என்பதைத்தான். உரத்த குரலில் பேசும் பானத்துக்குப் பாத்திரம் எதுவானாலும் பாதகமில்லை; மெல்லப் பேசும் பானத்தின் விஷயத்தில் பாத்திரம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்துவிடுகிறது.

ஜப்பானியர் இதை வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்தவர்கள். கல்யாணச் சடங்கில் மணமக்கள் பருகுவதற்குச் செவ்வரக்குப் பூசிய ஆழமற்ற தட்டுக் கிண்ணங்களை வைப்பார்கள். அவற்றை இரு கைகளாலும் ஏந்தித்தான் வாயருகே கொண்டுபோக முடியும் என்பதால், அந்த வடிவமே பணிவைக் கற்பிக்கிறது. அளவைப் பெட்டியாக இருந்து குடிக்கும் பாத்திரமாக மாறிய மாசு என்னும் சதுர மரக்கிண்ணம் 180 மில்லிலிட்டர் கொள்வது. அதன் தேவதாரு வகை மரம் தன் வாசனையைத் தாராளமாக மதுவுக்குக் கொடுத்துவிடும். மது வடிப்போர் தரம் பார்க்கும்போது எடுத்துக்கொள்வது தூய வெள்ளைப் பீங்கான் கிண்ணம். அதன் உள்ளடியில் இரண்டு நீல வளையங்கள் தீட்டியிருக்கும். வெண்மைக்கு எதிரே மதுவின் இளமஞ்சள் சாயல் தெரியும். நீல வளையத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா, மங்குகிறதா என்று பார்த்தால் மதுவின் தெளிவு புலப்படும். மதுவின் குற்றங்களை வெளிக்கொணரும் நீதிபதியாக அந்தப் பீங்கான் வேலை செய்கிறது. கிரிக்கோவுக்கு அமைந்த வேலை வேறு.

கண்ணாடி இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது. இன்று டோக்கியோ என்று வழங்கும் எடோ நகரில், ஓடென்மாச்சோப் பகுதியில் கண்ணாடி வியாபாரம் செய்துவந்த ககயா கியூபேய் என்பவர் 1834 ஆம் ஆண்டில் எமரிப் பொடியைக் கொண்டு கண்ணாடியின் மேற்பரப்பை அரைத்துக் கோலம் வெட்டினார் என்பதே எடோ கிரிக்கோவின் ஆரம்பமாகக் கொள்ளப்படுகிறது. அக்காலத்து வேலை பெரும்பாலும் நிறமற்ற கண்ணாடியிலேயே நடந்தது. எடோவில் தளிர்த்த அந்த வித்தை அங்கே வர்ணம் பெறுவதற்கு முன்னால், நாட்டின் தென்கோடியில் சட்சுமா சமஸ்தானத்தில் ஓர் அற்புதமான அத்தியாயம் நடந்து முடிந்துவிட்டது.

சட்சுமாவின் பிரபுவான ஷிமாட்சு நரியோக்கி, மருந்துகள் தயாரிப்பதில் ஈடுபட்டிருந்தார். கடுமையான அமிலங்களைத் தாங்கக்கூடிய புட்டிகள் அவருக்குத் தேவைப்பட்டன. அதற்காக 1846 ஆம் ஆண்டில் எடோவிலிருந்து யொட்சுமொட்டோ கமெஜிரோ என்ற கண்ணாடித் தொழிலாளியைக் காகோஷிமாவுக்கு வரவழைத்தார். மருந்துப் புட்டிக்காகப் பிறந்த அந்தத் தொழிற்சாலை, 1851 இல் பட்டத்துக்கு வந்த அவருடைய குமாரர் நரியாக்கிராவின் கையில் கலைக்கூடமாக மாறியது. இரும்பு உலை, பீரங்கி வார்ப்பு, நூற்பு என்று நவீனத் தொழில்கள் பலவற்றிலும் ஆவல் கொண்டிருந்த அந்தப் பிரபு, கண்ணாடிக்கு நிறமேற்றும் ரகசியங்களையும் விடாமல் ஆராயச் செய்தார்; ஜப்பானில் அதுவரை யாருக்கும் கைகூடாத செந்நிறக் கண்ணாடி அங்கே கைகூடிற்று. நிறமற்ற கண்ணாடியின் மேல் நிறக் கண்ணாடியைத் தடிமனாகப் போர்த்தி, அதைச் சாய்வாக வெட்டும்போது, போர்வை மெலிய மெலிய வர்ணமும் கரைந்துகொண்டே போய் வெண்மையில் முடிகிறது. அடர்ந்த சிவப்பு இளஞ்சிவப்பாகி, இளஞ்சிவப்பு ஒன்றுமில்லாமல் மறையும் அந்த மங்குநிறமே சட்சுமாக் கிரிக்கோவின் உயிர். ஆனால் 1858 ஆம் ஆண்டில் நரியாக்கிரா திடீரென்று காலமானார். 1863 இல் ஆங்கிலேயக் கப்பற்படை காகோஷிமாவின் மீது குண்டு பொழிந்தபோது தொழிற்சாலைகள் எரிந்தன. பின்னர் எழுந்த உள்நாட்டுக் கலகத்தின் காலத்தில், 1877 வாக்கில், அந்த வித்தையே அற்றுப்போயிற்று. நூறாண்டுகளுக்கு மேல் கைவிடப்பட்டுக் கிடந்ததை, 1985 ஆம் ஆண்டில் காகோஷிமாவிலேயே, எஞ்சியிருந்த பழைய பாத்திரங்களை அளந்தும் ஆராய்ந்தும் மறுபடி உயிர்ப்பித்தார்கள். ஒரு தலைமுறைக்குள் தோன்றி மறைந்த ஒரு கலைக்கு மறுபிறவி கிடைத்தது என் மனத்தை மிகவும் நெகிழச் செய்யும் செய்தி.

எடோவின் கதை அவ்வளவு சோகமானதன்று. சட்சுமாவில் கண்ணாடிச் சாலையை அழித்த அதே இங்கிலாந்திலிருந்து, 1881 ஆம் ஆண்டில், எம்மானுவேல் ஹாப்ட்மன் என்ற வெட்டுக் கண்ணாடி நிபுணர் டோக்கியோவின் ஷினாகவா கண்ணாடிச் சாலைக்கு ஆசிரியராக வந்தார். சுழலும் சக்கரத்தில் கண்ணாடியை வெட்டும் ஐரோப்பிய முறையை ஏறத்தாழப் பத்து ஜப்பானியருக்குக் கற்பித்தார். அந்தக் குருபரம்பரையே இன்றும் டோக்கியோவின் கொட்டோ, சுமிதா வட்டாரங்களில் உள்ள சிறு பட்டறைகளில் தொடர்கிறது. 2002 ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கம் எடோ கிரிக்கோவைத் தேசியப் பாரம்பரியக் கைத்தொழிலாக அங்கீகரித்தது. 2012 இல் திறந்த டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் லிப்ட் ஒன்றில் சுமிதா நதியின் வாணவேடிக்கையைக் கிரிக்கோவிலேயே இழைத்து வைத்திருக்கிறார்கள்.

இனி, பட்டறைக்குள் நுழைவோம். வெட்டுவதற்கு வரும் கிண்ணம் உள்ளே நிறமற்ற கண்ணாடியும் வெளியே கோபால்ட் நீலமோ செம்போ பூண்ட மெல்லிய போர்வையுமாக இருக்கும். கைவினைஞர் அதன் மேல் மையினால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகளை மட்டும் இடுகிறார். பூவோ இலையோ அதில் வரைவதில்லை. கோடுகள் சந்திக்கும் இடங்களே அவருக்கு வழிகாட்டி. மற்றக் கோலம் முழுவதும் அவர் மனத்தில் இருக்கிறது. பிறகு வைரப்பொடி பதித்த சாணைச் சக்கரத்தில் நீர் சொட்டச் சொட்டக் கிண்ணத்தை மேலிருந்து அழுத்துகிறார். வெட்டு விழும் பக்கம் கீழே, சக்கரத்தின் மேல் இருப்பதால், அதை அவர் நேரே பார்க்க இயலாது; கிண்ணத்தின் உட்புறமாகக் கண்ணைச் செலுத்தி, கண்ணாடியின் ஊடே தெரிகிறதைக் கொண்டுதான் ஆழத்தையும் திசையையும் நிதானிக்கிறார். பின்னால் குடிப்பவர் எந்தத் திசையிலிருந்து கோலத்தைக் காணப்போகிறாரோ, அதே திசையிலிருந்து கோலம் வெட்டப்படுகிறது என்பது இக்கலையின் நுட்பமான உண்மை. முரட்டுச் சக்கரத்தில் தொடங்கி, மேலும் மேலும் மிருதுவான சக்கரங்களுக்குச் சென்று, கல்லில் தீட்டி, கடைசியில் மரச் சக்கரத்தில் மெருகுப் பசையிட்டுப் பளபளப்பாக்குகிறார். மெருகேறும்வரை வெட்டுக்களெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடக்கும். மெருகேறியதும் அவை ஒவ்வொன்றும் ஒரு சிறு சன்னலாகத் திறந்துகொள்ளும். மீன்முட்டை போன்ற நுண்ணிய கட்டங்கள், சணல் இலை, கூடைப் பின்னல், மூங்கில் வேலி, ஒன்றையொன்று தழுவும் வட்டங்கள், சங்கிலியாகப் பின்னிய செவ்வந்தி என்று பரம்பரையாக வரும் கோலங்களுக்கெல்லாம் மங்கலப் பொருள் உண்டு. சணல் செடி விரைந்து நேராக வளர்வதால் அதன் இலைக்கோலம் குழந்தைகளின் வளர்ச்சிக்கு வாழ்த்து. கூடைக் கண்கள் தீயவற்றை அண்டவிடா என்பது நம்பிக்கை.

இத்தகைய கிண்ணத்தில் மதுவை ஊற்றியதும் முதலில் விருந்துண்பது கண். வெறுங்கிண்ணத்தில் கண்ணாடியின் உட்பரப்பு காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, காற்றினது 1. இந்த வித்தியாசத்தினால் நேரே விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு அந்தப் பரப்பிலேயே பட்டுத் திரும்பி, ஒரு மெல்லிய திரைபோல் கோலத்தை மறைக்கிறது. சாக்கேயின் ஒளிவிலகல் எண் நீரின் எண்ணாகிய 1.33 ஐ ஒட்டியது. ஆகவே மது நிரம்பியவுடன் உட்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி நூற்றுக்கு அரைப் பங்குக்கும் கீழே இறங்கிவிட, திரை விலகினாற்போல் வெளிப்புறத்து வெட்டுக்கள் ஆழமும் கூர்மையும் பெறுகின்றன. அடியில் வெட்டிய செவ்வந்தியோ, நீர் நிறைந்த குளத்தின் தரை மேலே எழும்பித் தோன்றுவதைப் போல, இருக்கும் ஆழத்தில் நாலில் மூன்று பங்குக்கு உயர்ந்து, மதுவில் மிதப்பதாகத் தோன்றுகிறது. சாய்வாக நோக்கினால் பக்கச் சுவரின் ஒவ்வொரு வெட்டும் அந்தப் பூவின் ஒரு துண்டைத் தன்னுள் வாங்கிக் காட்டும். கையைச் சற்று அசைத்தால் ஒரு பூ நூறு பூவாகச் சிதறி மீண்டும் கூடும். பருகப் பருக மதுவின் மட்டம் இறங்குகிறது. மட்டத்துக்குக் கீழே கோலம் ஜொலிக்கிறது, மேலே சற்று அடங்குகிறது. எவ்வளவு பருகினோம், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை இவ்வளவு அழகாகக் கண்ணுக்கு உணர்த்தும் பாத்திரம் வேறொன்று இருப்பதாக நான் அறியேன். பார்க்கிறவர் உடனே குடிப்பதில்லை. உடனே குடிக்காதவர் நிதானமாகக் குடிக்கிறார். நிதானமாகக் குடிப்பவருக்கே சாக்கேயின் மெல்லிய ருசிகள் பிடிபடுகின்றன. கிரிக்கோ செய்யும் உபகாரங்களில் இதுவே தலையானது என்பது என் துணிபு.

வர்ணத்தின் ஆட்சியும் இதனோடு சேர்கிறது. கண் கண்டதை நாசி எவ்வளவு பணிவோடு ஒப்புக்கொள்கிறது என்பதற்குப் பிரான்சு தேசத்தில் போர்டோவில் நடந்து 2001 இல் வெளிவந்த ஒரு சோதனை பிரசித்தமானது. திராட்சை மது சாஸ்திரம் கற்கும் 54 மாணவர்களுக்கு, வாசனையற்ற செஞ்சாயம் கலந்த வெள்ளைத் திராட்சை மதுவைக் கொடுத்தபோது, அதைச் சிவப்பு மதுவுக்கே உரிய சொற்களால் அவர்கள் வருணித்தார்கள். நீலக் கிரிக்கோவில் ஊற்றிய சாக்கேயின் இளமஞ்சள் சாயல் நீலத்தில் அமுங்கி மறைந்துபோகிறது. கண் காண்பது ஊற்றுநீர் போன்ற தெளிவு. மனம் எதிர்பார்ப்பது குளிர்ச்சி. பீங்கான் கிண்ணம் கண்டுபிடித்துச் சொல்லும் குறையைக் கிரிக்கோ பெருந்தன்மையோடு மூடிவிடுகிறது என்று இதைச் சொல்லலாம். ஆகையால் இரண்டு மதுக்களில் எது உயர்ந்தது என்று தீர்மானிக்க விரும்புகிறவர் கிரிக்கோவை எடுக்கலாகாது. தீர்மானித்து முடித்துப் பருக உட்கார்ந்தவருக்கு அது உரியது.

கண்ணுக்கு அடுத்தபடி கை. வெட்டுக்களின் வரப்புகள் விரல் நுனிகளில் உறுத்தாமல் உறுத்துகின்றன. குளிர்ந்த கண்ணாடியின் மேல் நீர்த்துளிகள் கோத்து நின்றாலும் பிடி வழுவுவதில்லை. விரல் படுவது வரப்புகளின் மேல் மட்டுமே ஆதலால் கையின் வெப்பம் உள்ளே போவதும் சற்றுக் குறைகிறது. கிண்ணத்தின் கனமும் பேசாமல் இருப்பதில்லை. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் அவருடைய சகாக்களும் ஒரே தயிரைக் கனம் வேறுபட்ட கிண்ணங்களில் கொடுத்துப் பார்த்ததில், கனத்த கிண்ணத்தில் இருந்த தயிர் அதிகக் கெட்டியாக இருப்பதாக உண்டவர்கள் கருதினார்கள். கை சொன்னதை வாய் நம்புகிறது.

ஆனால் அந்தக் கனத்திலேயே ஓர் ஆபத்தும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஜப்பானியர் குளிர்ந்த சாக்கேயின் படிகளுக்குக் கவித்துவமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள்: 5 டிகிரி பனிக்குளிர், 10 டிகிரி மலர்க்குளிர், 15 டிகிரி இதக்குளிர் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். கோடை நாளில் 30 டிகிரி வெப்பத்தில் மேஜைமேல் கிடந்த, 150 கிராம் எடையுள்ள ஒரு கிண்ணத்தில், 5 டிகிரி குளிரில் உள்ள 50 மில்லிலிட்டர் மதுவை ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் வெப்பமும் மதுவின் குளிரும் ஒன்றுக்கொன்று சமமாகும்போது, கணக்கிட்டுப் பார்த்தால், மது ஏறத்தாழ 14, 15 டிகிரிக்கு வந்து நிற்கும். பனிக்குளிரில் புறப்பட்ட மது மலர்க்குளிரையும் தாண்டி இதக்குளிரை எட்டிவிடுகிறது! பரிமளம் நிறைந்த கின்ஜோ ரகத்துக்கு 10 முதல் 15 டிகிரி வரை உகந்ததே. அதனால் சில வேளைகளில் இந்த விபத்து நன்மையாகவும் முடியலாம். அப்படியின்றி, பனிக்குளிரிலேயே பருக விரும்புகிறவர் கிண்ணத்தையும் முன்கூட்டியே குளிர வைத்துக்கொள்வது நலம்.

உதட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கைதேர்ந்த கிரிக்கோக்காரர் கிண்ணத்தின் வாயருகே ஒரு விரற்கடை அளவு வெட்டாமல் வழவழப்பாகவே விட்டுவிடுவது வழக்கம்; அந்த இடத்தில் வரப்பு இருந்தால் உதட்டில் நெருடும். விளிம்பு மெல்லியதாக இருந்தால் மது ஒரு நூலிழைபோல் நாவில் இறங்குகிறது, கண்ணாடி இருப்பதே மறந்துபோகிறது. தடித்திருந்தால் வாய் சற்று அகலத் திறந்து, மது ஒரு வாயளவாக வந்து பரவுகிறது. இவ்வளவும் மெய். விளிம்பின் வளைவு மதுவை நாவின் நுனியில் கொண்டு சேர்ப்பதால் இனிப்பு மிகுகிறது, ஓரத்தில் சேர்ப்பதால் புளிப்பு மிகுகிறது என்று சில விற்பனையாளர் சொல்வது மட்டும் மெய்யன்று. நாவுக்குள் சுவைகளுக்குத் தனித்தனி ஜில்லாக்கள் உண்டு என்ற அந்தக் கொள்கை, ஜெர்மனியில் 1901 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைப் பிற்காலத்தவர் பிழைபடப் புரிந்துகொண்டதில் விளைந்தது; நாவின் எல்லாப் பகுதிகளும் எல்லாச் சுவைகளையும் உணரக்கூடியவையே.

நாசியின் விஷயத்தில் கிரிக்கோவின் குறையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டோக்கியோ வைத்திய, தந்த வைத்தியச் சர்வகலாசாலையில் மிட்சுபயாஷி என்ற பேராசிரியரின் குழுவினர், ஆல்கஹால் ஆவியைப் படம் பிடிக்கும் ஓர் அபூர்வமான காமிராவை அமைத்து, 2015 ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். திராட்சை மதுவை 13 டிகிரியில் வயிறு பருத்து வாய் குறுகிய கோப்பையில் ஊற்றியபோது, ஆல்கஹால் ஆவி விளிம்பை ஒட்டி ஒரு வளையமாக எழுந்தது; நடுப்பகுதியில் அதன் செறிவு குறைந்திருந்ததால், அங்கே நாசியை வைப்பவருக்கு ஆல்கஹாலின் காரம் குறுக்கிடாமல் பரிமளம் கிடைக்க வழியுண்டு. நேரான சுவருள்ள குவளையில் அந்த வளையம் தோன்றவில்லை. பாரம்பரியக் கிரிக்கோக் கிண்ணமோ நேராகவோ வாய் விரிந்தோ இருப்பது. பரிமளத்தைச் சேர்த்து வைக்கும் வயிறு அதற்கு இல்லை. ஆஸ்திரியாவின் ரீடல் கம்பெனியார் 2000 ஆம் ஆண்டில் டாய்கின்ஜோவுக்கென்றே காம்புள்ள ஒரு கோப்பையை வெளியிட்டதற்கு இந்தத் தேவையே அடிப்படை. இக்காலத்துக் கிரிக்கோப் பட்டறைகள் சில, திராட்சை மதுக் கோப்பையின் வடிவத்திலேயே கோலம் வெட்டி இரண்டு நன்மைகளையும் இணைக்க முயல்கின்றன. அவற்றில் நேர்த்தி உண்டு, எனினும் காம்பைப் பிடிக்கும் விரல்களுக்கு வரப்புகளின் ஸ்பரிசம் கிட்டாமற் போவதை நான் ஒரு நஷ்டமாகவே கருதுகிறேன். மணமே பிரதானமான மதுவுக்குக் காம்புள்ள கோப்பையும், தெளிந்து உலர்ந்து, நாவைக் கழுவிச் செல்லும் மதுவுக்குக் கிரிக்கோவும் என்று பிரித்துக்கொள்வதே விவேகம்.

ஜப்பானிய விருந்தில் தன் கிண்ணத்தைத் தானே நிரப்பிக்கொள்வது வழக்கமில்லை. அடுத்திருப்பவர் நிரப்புவார், அவருடையதை இவர் நிரப்புவார். ஒன்றிரண்டு வாயில் தீர்ந்துவிடும் சிறிய கிண்ணம் என்பதால், ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. ஒளிபுகாத மண்கிண்ணத்தில் மட்டம் தெரியாது, எட்டிப் பார்க்க வேண்டும். கிரிக்கோவில் மேஜையின் எதிர்ப்புறத்திலிருந்தே தெரியும். இதனால் ஊற்றுகிறவருக்கும் வசதி, இன்னும் வேண்டாம் என்று கருதிக் கிண்ணத்தைப் பாதியிலேயே நிறுத்தி வைத்திருப்பவருக்கும் வசதி, ஏனெனில் அவர் வாய்திறந்து மறுக்காமலே அவர் கருத்து மற்றவர்க்குப் புலனாகிவிடுகிறது.

எல்லாச் சாக்கேயும் கிரிக்கோவுக்கு ஏற்றதன்று. குளிர்காலத்தில் 45, 50 டிகிரிக்குச் சூடாக்கிப் பருகும் மதுவை இதில் ஊற்றவே கூடாது. வெட்டிய இடம் மெல்லியது, வெட்டாத இடம் தடித்தது, திடீர் வெப்பத்தில் இரண்டும் சமமாக விரிய மாட்டாமல் கண்ணாடி விண்டுபோகும். சூட்டுக்கு மண்ணும் பீங்கானுமே உரியவை. வடிகட்டுவது போதாமல் அரிசித் துகள் தங்கிப் பால்போல் வெளுத்திருக்கும் நிகோரி என்னும் மதுவை ஊற்றினாலோ, அடிப்பூவும் உள்ளொளியும் அடியோடு மறைந்துபோகும். அதற்கு ஈடாக, வெண்மையைப் பின்னால் வைத்த வெட்டுக்கள் நீலத்தின் மேல் சுண்ணத்தால் இழைத்த கோலம்போல் வெளிப்புறத்தில் பளிச்சிடும். அப்போது பருகுகிறவரைவிட எதிரே அமர்ந்திருப்பவருக்கே காட்சி அதிகம்.

ஒரு கிண்ணம் வாங்க எண்ணுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அச்சில் அழுத்தி வார்த்த மலிவுக் கண்ணாடியில் கோலத்தின் வரப்புகள் உருண்டு மழுங்கியிருக்கும். சக்கரத்தில் வெட்டியதில் இரண்டு வெட்டுக்கள் சந்திக்கும் முனை விரலுக்குக் கூர்மையாகத் தெரியும். வெட்டிய பின் அமிலத்தில் தோய்த்து மெருகேற்றுவதும் உண்டு. அதுவும் பளபளக்கும், என்றாலும் கையால் மெருகிட்டதன் கூர்மை அதில் சிறிது கரைந்துவிடும். கழுவும்போது வெந்நீரும் முரட்டு நாரும் உதவா. மிருதுவான பஞ்சும் தண்ணீரும் போதும். செவ்வந்திக் கோலமுள்ள கிண்ணமானால், கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் சந்திக்கின்றனவா, ஏதேனும் ஒன்று அதைத் தாண்டி ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்குமுன் அதில் சிறிது தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை, வெறுங்கிண்ணத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் கோணல்கூட நீர் நிறைந்ததும் தெரிந்துவிடும்.